டீசல் தீர்ந்தால் என்ன செய்வது?

மாலை நேரம். நாக்பூரிலிருந்து வடக்கே ஜபல்பூர் போகும் சாலை. ஒரு டீசல் டாக்சி போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு குடும்பம் இருந்தது. வண்டி ஓட்டுநருக்குச் சொந்தமானது. வங்கிக் கடனில் வாங்கியது. மாதா மாதம் தவணை கட்டி வந்தார்.

ஓட்டுநருக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. டீசல் குறைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். “இன்னும் ஐம்பது கிலோமீட்டர் ஓடும்” என்று அவர் நினைத்தார். இரண்டு பங்குகளைத் தாண்டிப் போனார். காட்டுப் பகுதி வந்தது. அங்கே பங்க் இல்லை. காட்டைத் தாண்டியதும் வண்டி இரண்டு முறை உதறியது. பிறகு நின்றுவிட்டது.

ஒரு பைக்காரர் உதவினார். அவருடன் போய் ஓட்டுநர் ஒரு கேனில் டீசல் வாங்கி வந்தார். டேங்கில் ஊற்றினார். சாவியைத் திருகினார். வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் திருகினார். பயன் இல்லை.

அவர் இளம் வயதில் ஜீப் ஓட்டியவர். எனவே ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அதற்கு முன் பழக்கமான மெக்கானிக்குக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்தில் மூத்த மெக்கானிக்கை ‘உஸ்தாத்’ என்று அழைப்பார்கள்.

“உஸ்தாத், டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. டீசல் ஊற்றிவிட்டேன். பைப்பைக் கழற்றி ஏர் எடுக்கப் போகிறேன்.”

“ஸ்பேனரைக் கீழே வை தம்பி. இது ஜீப் இல்லை” என்றார் உஸ்தாத்.

டீசல் என்ஜின் எப்படி ஓடுகிறது?

பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் உண்டு. அது தீப்பொறி தரும். டீசல் என்ஜினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும் அல்லவா? அதுபோல டீசல் என்ஜினுக்குள் காற்று அழுத்தப்படுகிறது. அதனால் 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் பனிபோலப் பீய்ச்சப்படுகிறது. உடனே தானாகப் பற்றிக்கொள்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல் 1897-இல் இத்தகைய என்ஜினை ஓட்டிக் காட்டினார். அவர் பெயரே எரிபொருளுக்கும் வந்தது.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

டீசல் தீர்ந்தால் குழாயில் காற்று புகுந்துவிடும். ‘வண்டி ஏர் பிடித்துவிட்டது’ என்பார்கள். பழைய ஜீப்பிலும் டிராக்டரிலும் ஓட்டுநரே ஸ்குரூவைத் தளர்த்துவார். கைப் பம்பை அடிப்பார். நுரையுடன் டீசல் வரும். நுரை நின்றதும் ஸ்குரூவை இறுக்குவார். வண்டி கிளம்பிவிடும்.

புதிய கார்களில் ‘காமன் ரெயில்’ என்ற முறை இருக்கிறது. ரெயில் என்பது ஒரு தடித்த உலோகக் குழாய். ஒரு பம்ப் டீசலை அதில் அழுத்தி நிரப்புகிறது. கார் டயரில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2 பார். ரெயிலில் டீசலின் அழுத்தம் 1,600 பார் வரையும், அதற்கு மேலும் போகும். அதாவது டயரில் இருப்பதைப் போல 800 மடங்கு!

இந்தப் பம்புக்குப் பெரும்பாலும் தனியாக எண்ணெய் விடுவதில்லை. உள்ளே ஓடும் டீசலே அதற்கு எண்ணெய். டீசல் இல்லாமல் பம்ப் சுற்றினால் உலோகமும் உலோகமும் உரசும். பொடி உதிரும். அந்தப் பொடி இன்ஜெக்டருக்குள் போகும். இன்ஜெக்டரின் துளை தலைமுடி நுழையும் அளவுதான். பொடி புகுந்தால் இன்ஜெக்டர் கெட்டுவிடும். பம்பையும் இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவு பல மாதத் தவணையை விழுங்கிவிடும்.

ஒரு முறை டீசல் தீர்ந்தால் பம்ப் கெட்டே தீரும் என்பதில்லை. ஆனால் விடாமல் சாவியைத் திருகினால் கேடு அதிகமாகும். பேட்டரியும் இறங்கிவிடும்.

உயிருக்கும் ஆபத்து

பணம் மட்டும் அல்ல, கையும் போகலாம். அழுத்தம் உள்ள குழாயைத் தளர்த்தினால் டீசல் ஊசிபோலப் பாயும். தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே சதை அழுகும். விரலையோ கையையோ எடுக்க நேரலாம். இப்படி நடந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது’ என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வண்டி நின்றால் செய்ய வேண்டியவை

1. வண்டி ஓடும்போதே என்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகலாம். பயப்படாதீர்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே சீராக மிதியுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை எடுக்காதீர்கள். எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

2. இடது ஓரம் ஒதுக்குங்கள். நான்கு விளக்குகளையும் மினுக்க விடுங்கள். பின்னால் சற்றுத் தள்ளிச் சிவப்பு முக்கோணத்தை வையுங்கள். வண்டியில் இருப்பவர்கள் இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்கட்டும். நிற்கும் வண்டியில் பின்னால் வரும் லாரி மோதுவது உண்டு.

3. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழையுங்கள். ஆபத்து என்றால் 112.

4. குறைந்தது 5 லிட்டர் டீசல் ஊற்றுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலக்காதீர்கள். அவை பம்பைக் கெடுக்கும்.

5. காற்றை வெளியேற்றும் முறை காருக்குக் கார் மாறும். வண்டியோடு தரும் புத்தகத்தைப் பாருங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்று இரவு

“முன்பெட்டியில் ஒரு புத்தகம் இருக்குமே, பார்த்தாயா?” என்று உஸ்தாத் கேட்டார்.

வண்டி வாங்கிய நாள் முதல் ஓட்டுநர் அதைத் திறந்ததே இல்லை. இப்போது திறந்தார். ஒரு படம் இருந்தது. டீசல் ஃபில்டர் பக்கத்தில் ஒரு ரப்பர் உருண்டை. பழைய ஆட்டோ ஹாரன் போல இருந்தது. அதைப் பலமுறை அழுத்தினார். முதலில் மெத்தென்று இருந்தது. டீசல் நிறைந்ததும் கெட்டியாகிவிட்டது.

“இப்போது சாவியைத் திருகு. பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். கிளம்பாவிட்டால் கொஞ்ச நேரம் விட்டுத் திருகு” என்றார் உஸ்தாத்.

இரண்டாம் முறை என்ஜின் உறுமியது. சற்று உதறியது. பிறகு சீராக ஓடியது. பின்சீட்டில் ஏறிய குழந்தைகள் கை தட்டினார்கள்.

அந்த ஓட்டுநர் இப்போது மஞ்சள் விளக்குக்காகக் காத்திருப்பதில்லை. முள் கால் டேங்குக்கு வந்ததும் பங்குக்குப் போகிறார். அந்தப் புத்தகத்தையும் அவ்வப்போது எடுத்துப் படிக்கிறார்.

யோசியுங்கள்

டீசல் தீர்ந்த பிறகு ஏன் விடாமல் சாவியைத் திருகக் கூடாது?

புதிய காரில் குழாயைத் தளர்த்தினால் என்ன ஆபத்து?

உங்கள் வீட்டில் உள்ள பம்ப் செட், மிக்சி, வண்டி ஆகியவற்றோடு வந்த புத்தகங்கள் எங்கே இருக்கின்றன?