கரையிறங்கிய குதிரைகள் ஏன் வம்சம் விடவில்லை?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ, இங்கே தம்மை வியக்கவைத்தவற்றுள் ஒன்றாக ஒரு செய்தியைக் குறித்துவைத்திருக்கிறார். இந்த நாட்டில் உயர்ந்த ஆண் குதிரையை உயர்ந்த பெண் குதிரையோடு சேர்த்தாலும், பிறக்கும் குட்டி கால் கோணிப்போய்ச் சவாரிக்கு உதவாததாகவே இருக்கிறதாம். அதனால் மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை வாங்கினார்கள். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், பயணக் கதை சொல்பவர்களுக்கு அந்த உரிமை எப்போதும் உண்டு. ஆனால் குட்டியைப் பற்றிய அந்தக் குறிப்பு, இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான டாலர் புரளும் பந்தயக் குதிரை வளர்ப்பின் ஆதாரக் கேள்வியைத் தொடுகிறது. ஓட்டத்தில் வென்ற குதிரை தன்னைப் போன்ற குட்டிகளைத் தருமா? தரும் என்ற நம்பிக்கையில்தான் பொலிகுதிரைகளின் மேல் பணம் கொட்டப்படுகிறது. சான்றுகளை அடுக்கிப் பார்த்தால், பொலிகுதிரையின் புகழில் அதன் இரத்தத்துக்கு உள்ள பங்கைவிட, அதற்கு வாய்த்த பெண் குதிரைகளுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் வளர்ப்பவரின் பொறுமைக்கும் உள்ள பங்கே பெரிது என்று சொல்லவேண்டியிருக்கிறது.

தமிழகத்துக்கு நல்ல இரத்தம் வந்து சேரவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தில் வெண்ணிறப் பிடரிமயிர் கொண்ட குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொண்டுவந்த கப்பல்களைக் காட்டுகிறது. அந்தத் துறைமுகம் மாமல்லபுரமோ அதை ஒட்டிய செங்கல்பட்டுக் கடற்கரையோ ஆகலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பின்னர் சோழர், பாண்டியர் காலத்தில் ‘குதிரைச் செட்டிகள்’ என்று கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படும் அளவுக்கு இந்த வணிகம் வளர்ந்தது. மாணிக்கவாசகர் கதையில் பாண்டியனின் அமைச்சர் கருவூலப் பணத்தோடு குதிரை வாங்கத்தானே புறப்படுகிறார்? நரியைப் பரியாக்கிய அந்தக் கதையில்கூட, குதிரையை நாமே வளர்க்கலாமே என்று அரசவையில் ஒருவரும் கேட்கவில்லை. சங்க காலம் தொட்டு உயர்ந்த குதிரைகள் இந்தக் கரையில் இறங்கிக்கொண்டே இருந்தும், தமிழகத்துக்கென்று பெயர் சொல்லும் ஒரு குதிரை இனம் உருவாகவில்லை.

இதற்கு நேரெதிரான கதை கனடாவில் 1961 மே மாதம் பிறந்த நார்தன் டான்சரின் கதை. தந்தை நியார்க்டிக், தாய் நடால்மா. நடால்மா முழங்காலில் அடிபட்டதால்தான் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டு, பருவம் முடியும் நேரத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே குட்டியும் தாமதமாகப் பிறந்தது. உருவத்தில் சிறியது. உரிமையாளர் இ.பி. டெய்லர் ஒரு வயதுக் குட்டியாக 25,000 டாலருக்கு விற்க முன்வந்தபோது வாங்க ஆளில்லை. அந்தக் குட்டி 1964இல் கென்டக்கி டெர்பியைச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஓடி முடித்துச் சாதனை படைத்தது. அடுத்து பிரீக்னஸ் பந்தயத்தையும் வென்றது, பெல்மான்ட்டில் மூன்றாமிடம். மொத்தம் 18 ஓட்டங்கள், 14 வெற்றிகள். தசைநாண் காயத்தால் ஓட்டம் முடிந்தது. 1965இல் பொலிகுதிரையாக வாழ்க்கையைத் தொடங்கியபோது கட்டணம் 10,000 டாலர். 1980களில் அதே கட்டணம், குட்டி பிறக்கும் என்ற உத்தரவாதம்கூட இல்லாமல், பத்து லட்சம் டாலரைத் தொட்டது. அதன் குட்டிகள் அறுநூறுக்குச் சற்று மேல். அவற்றுள் பெரும் பந்தயங்களில் வென்றவை 140க்கும் அதிகம். 1970இல் இங்கிலாந்தின் மூன்று முடிப் பந்தயங்களையும் வென்ற நிஜின்ஸ்கி அதன் மகன். அதற்குப் பிறகு இன்றுவரை வேறெந்தக் குதிரையும் அதைச் செய்யவில்லை. பிரிட்டன், அயர்லாந்தின் தலைசிறந்த பொலிகுதிரையாக 14 முறை வந்த சேட்லர்ஸ் வெல்ஸும் மகன்தான். அந்த சேட்லர்ஸ் வெல்ஸின் மகன் கலிலியோ, கலிலியோவின் மகன் 14 ஓட்டத்திலும் தோல்வியே காணாத ஃபிராங்கல். நார்தன் டான்சர் 1990 நவம்பரில் இறந்தது.

இந்தக் கதையைக் கேட்பவர், இரத்தம்தானே எல்லாம் என்று மடக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் நிஜின்ஸ்கியின் தாய் ஃபிளேமிங் பேஜ் யார்? 1962இல் கனடாவின் குயின்ஸ் பிளேட் பந்தயத்தை வென்ற குதிரை. டெய்லர் தம்மிடமிருந்த சிறந்த பெண் குதிரைகளை நார்தன் டான்சருக்கு ஒதுக்கினார்; முதல் குட்டிகள் வென்றதும் உலகின் சிறந்த பெண் குதிரைகள் தாமே வரிசையில் நின்றன. வெற்றி வெற்றியை ஈன்றது. அப்படியானால் சிறந்த துணைகள் கிடைத்த எல்லாப் பொலிகுதிரையும் அப்படி ஆகியிருக்கவேண்டுமே என்று கேட்டால், அதுவும் இல்லை. 1973இல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீளம் முந்தி வென்ற செக்ரடேரியட்டுக்கும் நல்ல பெண் குதிரைகள் கிடைத்தன. அதன் மகன்கள் பொலிகுதிரைகளாக எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. மகள்களோ ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட் போன்ற பெரும் பொலிகுதிரைகளைப் பெற்றெடுத்தன. 2025 கென்டக்கி டெர்பியில் ஓடிய அத்தனை குதிரைகளின் வம்சாவளியிலும் செக்ரடேரியட்டின் பெயர் இருந்தது. தொடர்ந்து 16 பந்தயங்களில் வென்ற சிகாரின் நிலை இன்னும் கொடுமை. அது மலடு என்பது பண்ணைக்குப் போன பிறகே தெரிந்தது. இரத்தம் வேண்டும்தான், ஆனால் அது எந்த வழியாக, எந்தத் தலைமுறையில் வெளிப்படும் என்பதைப் பரிசுக்கோப்பை சொல்லிவிடாது.

2008இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளின் வாழ்நாள் பரிசுப் பணத்தை ஆராய்ந்து, அதிலுள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ 10 சதவீதமே என்று கண்டார்கள். கட்டணம் கூடிய பொலிகுதிரைகளின் குட்டிகள் அதிகம் சம்பாதித்தது உண்மைதான். அதற்கு முக்கியக் காரணம், அந்தக் கட்டணத்தைக் கட்ட முடிந்தவரால் நல்ல தீவனம், நல்ல பயிற்சி, நல்ல ஜாக்கி எல்லாவற்றுக்கும் செலவழிக்க முடிந்தது என்பதே. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு, குதிரை குறுந்தூரத்துக்கா நெடுந்தூரத்துக்கா என்பதைத் தீர்மானிப்பதாக 2010இல் டப்ளின் ஆய்வு ஒன்று காட்டியது. எந்தத் தூரம் பொருந்தும் என்பது அதில் தெரியும். ஒரே தூரத்தில் ஓடும் பத்துக் குதிரைகளில் எது வெல்லும் என்பது தெரியாது. இந்தியாவில் இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. நார்தன் டான்சரின் கடைசிக் காலக் குட்டிகளுள் ஒன்றான ரஸீன், 1990 எப்சம் டெர்பியில் அதிகம் பேர் பணம் கட்டிய குதிரை. ஓடியபோது பின்தங்கிக் காணாமல்போனது. ஐரோப்பா கைவிட்ட அந்தக் குதிரை ஹரியானாவின் உஷா ஸ்டட் பண்ணைக்கு வந்து, இந்தியாவின் தலைசிறந்த பொலிகுதிரை என்ற இடத்தைப் பலமுறை பிடித்தது. தேர்ந்தெடுத்த பெண் குதிரைகளைத் திரட்டிவைத்திருந்த ஒரு பண்ணையின் பின்பலமில்லாமல் அந்தத் தோல்விக் குதிரைக்கு இந்த இரண்டாம் வாழ்வு கிடைத்திருக்காது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். கால் கோணிய குட்டிகளுக்குத் தட்பவெப்பமே காரணம் என்பது வழக்கமான விளக்கம். மார்க்கோ போலோவே வேறொரு துப்பையும் தருகிறார். இங்கே குதிரைகளுக்குச் சமைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுத்தார்களாம். இலாடம் அடித்துக் குதிரை வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்களை வெளிநாட்டு வணிகர்கள் இங்கே வரவே விடுவதில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! தீனியைப் பார்த்தால், நீர்ப்பெயற்று இருந்ததாகக் கருதப்படும் செங்கல்பட்டு ஏரிப்பாசன நெல் நாடு. நெல் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. வைக்கோலிலும் சுண்ணாம்புச் சத்து போதாது. இந்தத் தீனியே பிரதானமானால் குதிரையின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது இன்றைய கால்நடை மருத்துவம் நன்கறிந்த நோய். சினைக் குதிரைக்கு அது நேர்ந்தால் குட்டியின் எலும்பு எப்படித் தேறும்? அப்படியானால் குற்றம் தந்தையின் இரத்தத்தில் இல்லை, தாயின் தீவனத் தொட்டியில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

தமிழனுக்குக் கால்நடை இனம் தேர்ந்து வளர்க்கத் தெரியாது என்ற மறுப்புக்குக் கொங்கு நாடே பதில். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பொலிகாளைகளைப் பொறுக்கியெடுத்து, கிளுவை வேலியிட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேயவிட்டுக் காங்கேயம் மாட்டினத்தை உலகறியச் செய்தது. அங்கே காளையோடு பசுவும் புல்லும் சேர்ந்தே கவனிக்கப்பட்டன. கடற்கரையில் அரசர்கள் போருக்குக் குதிரை வாங்கினார்கள், செத்தால் மறுபடி வாங்கினார்கள். 1777இல் தொடங்கி, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த கிண்டியில் நடந்த பந்தயங்களும் அதே மரபுதான். ஓடிய குதிரைகளில் பெரும்பாலானவை புணே, பஞ்சாப், ஹரியானாப் பக்கத்துப் பண்ணைகளில் பிறந்தவை. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து கிண்டி மைதானத்தின் ஏறத்தாழ 160 ஏக்கரைக் கையகப்படுத்தியபோது, நாம் ஒரு பந்தயத் திடலை இழந்தோம் என்று வருந்தலாம், குதிரை வளர்ப்பை இழந்தோம் என்று வருந்த இடமில்லை. தமிழ்நாட்டில் இனி யாரேனும் குதிரைப் பண்ணை தொடங்க எண்ணினால், முதல் செலவு மண் பரிசோதனைக்கும் புல்லுக்கும் போகட்டும். அடுத்தது, நல்ல தாய்வழி வந்த பெண் குதிரைகளுக்கு. பேர்பெற்ற பொலிகுதிரையை உடனே விலைக்கு வாங்கவேண்டிய அவசியமில்லை. பந்தயக் குதிரைப் பதிவேட்டில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமில்லாததால், எந்த நாட்டிலும் பெண் குதிரையைத்தான் பொலிகுதிரை நிற்கும் பண்ணைக்கு வண்டியேற்றிக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவருகிறார்கள்.