மாத்திரை போட்டும் திரும்பத் திரும்ப 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' வருதா? எம்.ஆர்.ஐ.யில் சிக்கும் குட்டிப் பை!

கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்க்கும் பெண்களுக்கு 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' புது வார்த்தை இல்லை. "தண்ணி குடிக்கல, லைனை விட்டு நகர முடியல, அடக்கி வெச்சேன்" என்று காரணமும் ரெடியாக இருக்கும். மாத்திரை போட்டால் சில நாளில் சரியாகிவிடும். சரியாகி, மறுபடி மறுபடி வந்தால்?

அப்போது சந்தேகிக்க வேண்டியவற்றில் ஒன்று 'யூரெத்ரல் டைவர்டிகுலம்'. அரிதான பிரச்னைதான். ஆனால், பல பெண்களுக்கு இதைக் கண்டுபிடிக்கவே வருஷக்கணக்கில் ஆகிவிடுகிறது.

என்ன இது?

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ.தான். அதையொட்டி இருக்கும் சிறு சுரப்பிகளில் கிருமி தொற்றி, அடைத்து, வீங்கி, கடைசியில் குழாய்க்குள்ளேயே உடைந்தால் அந்த இடத்தில் ஒரு பை உருவாகிவிடும். போகும் சிறுநீரில் கொஞ்சம் அதில் தேங்கும். தேங்கினால் தொற்று, சிலருக்குக் கல், மிக அரிதாகப் புற்றுநோயும்கூட.

ஃபேக்டரி வேலையால்தான் இது வருகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் வேலையையே காரணம் சொல்லிக்கொண்டிருந்தால், பை உள்ளேயே மறைந்திருக்கும்.

கவனிக்க வேண்டியது

சிறுநீர் போகும்போது எரிச்சல், போய்விட்டு எழுந்த பிறகும் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது, தாம்பத்ய உறவின்போது வலி. மூன்றும் சேர்ந்தே வரணும்னு இல்லை. மூன்றாவதை டாக்டரிடம்கூடப் பலர் சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள், முக்கியமான துப்பு அதுதான். பிறப்புறுப்பின் முன்சுவரில் வீக்கம் இருக்கிறதா என்று டாக்டர் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். வெறும் யூரின் டெஸ்ட்டோடு முடிகிற விஷயம் இல்லை இது.

ஏன் எம்.ஆர்.ஐ.?

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண ஸ்கேனில் சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் தெரியும். அதற்கும் கீழே இருக்கும் இந்தப் பை தப்பிவிடலாம். முன்பெல்லாம் டியூப் வழியாக மருந்தை நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுப்பார்கள். பையின் வாய் அடைத்திருந்தால் மருந்து உள்ளே போகாது, படமும் 'நார்மல்' என்று வரும்.

எம்.ஆர்.ஐ.க்கு அந்தச் சிக்கல் இல்லை. உள்ளே தேங்கிய நீரே சில படங்களில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பை ஒன்றா பலவா, குழாயைக் குதிரை லாடம் மாதிரி சுற்றியிருக்கிறதா, உள்ளே கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துவிடும். சிறுநீரை அடக்கும் தசை பக்கத்திலேயே இருப்பதால் இந்த 'மேப்' ரொம்ப முக்கியம். பையின் ஒரு பகுதி விட்டுப்போனால் பிரச்னை திரும்பும். தசையில் கை பட்டால் சிறுநீர் கசியும். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சும் கிடையாது. உடலில் பேஸ்மேக்கர், உலோகக் கருவி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எங்கே போவது?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள். டிஸ்பென்சரியில் கேட்டு, யூராலஜி டாக்டரிடம் ரெஃபரல் வாங்கலாம். இல்லாவிட்டால் கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

ஆபரேஷன் செய்தால் டியூபோடு சில வாரம் இருக்க வேண்டியிருக்கலாம். லீவு போட்டால் சம்பளம் போகுமே என்ற பயமா? தகுதியான அளவு சந்தா கட்டியிருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியத்தை இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவியாகத் தரும். டாக்டர் சான்றிதழை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.