எய்ட்ஸ் நோயாளியின் தீராத வயிற்றுப்போக்கு

ஒரே தண்ணீர், இரு விளைவு

1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியே கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி பரவி, ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குப் பேதி கண்டது. பெரும்பாலோர் சில நாட்களில் தேறினார்கள். இறந்தவர்களில் மிகப் பலர் எய்ட்ஸ் நோயாளிகள். கிருமி ஒன்றுதான், தாங்கும் சக்திதான் வேறு. அதனால்தான் எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பேதி வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை போட்டு அடக்கக் கூடாது; எந்த ஒட்டுண்ணி என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

பித்தநாளம் வரை

எதிர்ப்பாற்றலைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே இறங்கியவர்களில் சிலருக்குக் கிரிப்டோஸ்போரிடியம் குடலோடு நிற்பதில்லை. பித்தநாளத்தில் ஏறி, அதன் சுவரை வீங்கவைத்துத் தழும்பாக்குகிறது. குடலில் பித்தம் வந்து விழும் வாய் சுருங்கிப்போகிறது. வலப்பக்க மேல்வயிறு வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலும் வரும். ஆனால் பலருக்கு மஞ்சள் காமாலை வருவதில்லை. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு மட்டும் எகிறியிருக்கும். கண் வெள்ளையாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்து ஸ்கேனைத் தள்ளிப்போடுவது இங்கேதான் நடக்கிறது. சுருங்கிய வாயை எண்டோஸ்கோப்பி மூலம் கீறிவிட்டால் வலி பெரும்பாலும் தணியும். ஈரலுக்குள் இருக்கும் நாளங்களின் சுருக்கத்தை அது தீர்க்காது.

சோதனை எதற்கு?

எப்படியும் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துதானே தீர்வு, சோதனைக்கு ஏன் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. கிரிப்டோஸ்போரிடியத்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது. எதிர்ப்பாற்றல் மீளாதவரை அதற்கென உள்ள நைட்டசாக்சனைடு பெரிதாக உதவுவதில்லை. ஆனால் அதே போல் பேதியை உண்டாக்கும் சிஸ்டோஐசோஸ்போரா, விலை குறைந்த கோட்ரைமாக்சசோலுக்கே அடங்கிவிடும். மைக்ரோஸ்போரிடியாவில் ஒரு வகை அல்பெண்டசோலுக்குக் கட்டுப்படும். இவற்றில் முதல் இரண்டைப் பிரித்தறியச் சாதாரண மலப் பரிசோதனை போதாது. அமிலம் தாங்கும் சாயமிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது நீலப் பின்னணியில் ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறிய, 4 முதல் 6 மைக்ரான் அளவிலான சிவந்த உருண்டைகள் தெரிந்தால் கிரிப்டோஸ்போரிடியம். பல மடங்கு பெரிய நீள்வட்டம் என்றால் சிஸ்டோஐசோஸ்போரா. ஒரு மாதிரியில் தெரியாதது அடுத்ததில் தெரியலாம்.

2004 முதல் இந்தியாவில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, இனி இந்தப் பேச்சு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. தொற்று இருப்பது தெரியாமலே முற்றிய நிலையில் வருகிறவர்களும், மாத்திரையை நடுவில் நிறுத்தியவர்களும் இன்றும் இருக்கிறார்கள். மாத்திரையால்தான் பேதி என்று தாமாகவே நிறுத்திவிடுவது எல்லாவற்றிலும் கொடுமை; எதிர்ப்பாற்றல் சரிந்து, ஒட்டுண்ணிக்கு வழி திறந்துவிடுகிறது. சி.டி.4 ஏறும்வரை குடிநீரை ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். தண்ணீரில் வழக்கமாகக் கலக்கும் அளவு குளோரினுக்குக் கிரிப்டோஸ்போரிடியம் சாவதில்லை.