காந்தமானியும் வெயிலும்

செந்தழலாய்ப் பழுத்த இரும்பு காந்தத் தன்மையை இழந்துவிடும் என்பதை வில்லியம் கில்பர்ட் 1600-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஆயினும் காந்தத்தின் வலிமை குறைவதற்கு உலைக்களத்துச் சூடு வேண்டுவதில்லை. சித்திரை வெயிலே போதும். காந்தத்தினுள் அணுக்கள் ஒரே திசை நோக்கி அணிவகுத்து நிற்கின்றன. சூடு ஏற ஏற அவை துடிக்கின்றன. அணி சிறிதே கலைகிறது. ஆறியபின் பெரும்பாலும் பழைய நிலை மீள்கிறது.

இவ்வளவு சொற்பமான குறைவினால் என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டின் தென்கோடியில் பூமியின் காந்தப்புலத்தினுடைய கிடைக்கூறு ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. காந்த நடுக்கோட்டை ஒட்டிய அப்பகுதியில், 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகற்பொழுதில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதனால் நண்பகலில் கிடைக்கூறு 100 நானோடெஸ்லா அளவுக்கு உயர்வதுண்டு. இதை அளக்க, ஒரு சிறு காந்தத்தைப் படிக இழையில் தொங்கவிட்டு, இழையை முறுக்கி, காந்தத்தைக் கிழக்கு மேற்காக நிறுத்துகிறார்கள். இழையின் முறுக்கும் பூமியின் இழுப்பும் சமன்பட்டு நிற்கும். புலம் மாறினால் காந்தம் திரும்பும்.

அக்காந்தம் ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு வலிமை இழப்பதாகக் கொள்வோம். பூமியின் புலமே 12 நானோடெஸ்லா குறைந்துவிட்டதுபோல் கருவி காட்டும். அறையின் சூடு 5 டிகிரி ஏறினால் 60 குறையும். வானில் உண்மையாக நிகழ்ந்த உயர்வு 100. ஏட்டில் பதிவதோ 40! இரண்டும் கதிரவனோடு சேர்ந்தே நடப்பவை. ஆகவே, பல நாள் அளந்து சராசரி எடுத்தாலும் இப்பிழை நீங்காது.

முதற்காப்பு கட்டடமே. பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால், கொலாபாவில் நடந்துவந்த காந்த ஆய்வுக்கு 1904-இல் அலிபாகில் புதிய நிலையம் எழுப்பினார்கள். காந்தத்தன்மையற்ற போர்பந்தர் மணற்கல்லைக் கொண்டு, உள்ளே வெப்பநிலை மாறாதவாறு அறையை அமைத்தார்கள்.

காந்தத்தையும் பழக்க வேண்டும். புதுக் காந்தத்தைப் பலமுறை சூடேற்றி ஆற்றினால், மீளாத இழப்பெல்லாம் முன்கூட்டியே தீர்ந்துவிடும். எஞ்சிய மாற்றத்தை அளந்து கணக்கில் திருத்தலாம். ஆனால் வெப்பமானி காந்தத்தின் அருகிலேயே இருத்தல் வேண்டும். சுவரில் மாட்டுவது, திண்ணையில் இருப்பவனைத் தொட்டுப் பார்த்து அறைக்குள் படுத்திருப்பவனுக்குக் காய்ச்சலா என்று சொல்வதைப் போன்றது. டென்மார்க்கின் லா கூர் என்பார் இதனினும் நயமான வழி கண்டார். இரு உலோகங்களை ஒட்டிய தகடொன்று சூட்டில் வளைந்து, ஒளிக்கதிரைத் திருப்பும் பட்டகத்தைச் சாய்க்கும். பிழை எத்திசையில் எவ்வளவோ, அதற்கு எதிர்த்திசையில் அவ்வளவு!

பின்னர் வந்த பாயவாயில் காந்தமானியில் நிலைக்காந்தமே இல்லை. எனினும் அதன் கம்பிச்சுருள் சூட்டில் விரியும். சுருள் விரிந்தால் அளவு மாறும். ஆகையால் மிகக் குறைவாக விரியும் படிகக்குழாயின்மேல் அதைச் சுற்றுவதுண்டு.

புரோட்டான் காந்தமானிக்கு இத்தொல்லை இல்லை. அதிலுள்ள திரவத்தின் புரோட்டான்கள், 40,000 நானோடெஸ்லா புலத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 1,703 முறை தலைசுற்றும். அவ்வெண்ணிக்கை புலத்தையே பொறுத்தது, அறைச்சூட்டுக்கு அசையாது. ஆனால் அது மொத்தப் புலத்தின் அளவை மட்டும் சொல்லும்; திசையைச் சொல்லாது. எனவே காந்த ஆய்வு நிலையங்களில் மற்றக் கருவிகளை நீக்காமல், அவற்றைச் சரிபார்ப்பதற்கு இதனை உடன் வைத்திருக்கிறார்கள்.