வீட்டில் ஃபோனிக்ஸ் கற்பித்தல்

ஃபோனிக்ஸ் என்பது எழுத்துகளுக்கும் அவை குறிக்கும் ஒலிகளுக்கும் உள்ள தொடர்பைக் கற்பித்து, அதன் வழியே சொற்களை வாசிக்கப் பழக்கும் முறை ஆகும். தமிழில் இதனை ஒலிவழி வாசிப்பு முறை எனலாம். ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கும் 4 முதல் 7 வயது வரையிலான குழந்தைகளுக்கு இம்முறை பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. பெற்றோர் வீட்டிலேயே கற்பிப்பதற்கெனப் புத்தகங்கள், அட்டைகள், காணொளிகள், செயலிகள் எனப் பலவகை ஃபோனிக்ஸ் திட்டங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் சில இலவசமானவை. சில விலை மிகுந்தவை. விலையையும் வண்ணப் படங்களையும் கொண்டு ஒரு திட்டத்தின் தரத்தை அறிய இயலாது. ஒலிகள் எந்த வரிசையில் கற்பிக்கப்படுகின்றன, கற்ற ஒலிகளைக் கொண்டு குழந்தை உண்மையில் வாசிக்கிறதா, நாள்தோறும் அது விரும்பி வந்து அமர்கிறதா என்ற மூன்றுமே தேர்வுக்கு அடிப்படையாகும்.

எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும்

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே உள்ளன. ஆனால் அம்மொழியின் பேச்சில் ஏறத்தாழ 44 ஒலிகள் உள்ளன. மேலும், எழுத்தின் பெயர் வேறு, அது சொல்லில் தரும் ஒலி வேறு. சூரியனைக் குறிக்கும் 'சன்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அதன் எழுத்துகளின் பெயர்கள் எஸ், யூ, என். இப்பெயர்களை எத்தனை முறை விரைவாகச் சொன்னாலும் 'சன்' என்ற சொல் பிறக்காது. ஸ், அ, ன் என்ற ஒலிகளைச் சேர்த்துச் சொன்னால்தான் அச்சொல் பிறக்கும்.

எழுத்துப் பெயர்களை மட்டும் ஒப்பிக்கக் கற்ற குழந்தை ஒவ்வொரு சொல்லையும் ஒரு படம்போல மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியுள்ளது. முதல் ஐம்பது, நூறு சொற்கள் வரை இது பலன் தருவதுபோலத் தோன்றும். பாடநூலில் புதிய சொற்கள் பெருகும்போது, குழந்தை முதல் எழுத்தைப் பார்த்தோ பக்கத்திலுள்ள படத்தைப் பார்த்தோ ஊகிக்கத் தொடங்கும். ஃபோனிக்ஸ் தரும் முதன்மையான பயன், இதுவரை பார்த்திராத சொல்லையும் தானே வாசிக்கும் வழியைக் குழந்தைக்குக் கொடுப்பதாகும்.

இதற்கு இரண்டு திறன்கள் தேவை. தனித்தனி ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது ஒலி இணைத்தல். இது வாசிப்புக்கு உதவும். கேட்ட சொல்லை ஒலிகளாகப் பிரிப்பது ஒலி பிரித்தல். இது பிழையின்றி எழுத உதவும். நல்ல திட்டங்கள் இவ்விரண்டையும் சேர்த்தே பழக்குகின்றன.

தமிழ்க் குழந்தைக்கு உள்ள வாய்ப்பும் இடர்ப்பாடும்

தமிழ் எழுத்து கற்கும் குழந்தை ஒலி இணைத்தலை ஏற்கெனவே அறிந்திருக்கும். க் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்தால் க எனும் உயிர்மெய் பிறக்கிறது. இதே செயல்தான் ஆங்கில ஃபோனிக்ஸிலும் நடைபெறுகிறது. ப் என்பதுடன் இ சேர்ந்து, இறுதியில் ன் சேர்ந்தால் 'பின்' ஆகிறது. ஓர் எழுத்து இடத்திற்கேற்ப ஒலி மாறும் என்பதும் தமிழ்க் குழந்தைக்குப் புதிதன்று. கல், பகல், சங்கு ஆகிய சொற்களில் ககர வரிசை எழுத்து வெவ்வேறாக ஒலிக்கிறது. இவற்றைச் சுட்டிக்காட்டிக் கற்பித்தால் ஆங்கில ஒலிகள் எளிதில் விளங்கும்.

இடர்ப்பாடுகளும் உண்டு. மெய்யெழுத்துகளை இக், இங், இச் என முன்னால் இகரம் சேர்த்து ஒப்பிக்கும் வழக்கம் நம்மிடம் உள்ளது. பஸ் என்பதைப் 'பஸ்ஸு' என இறுதியில் உகரம் சேர்த்துச் சொல்வதும் இயல்பு. இப்பழக்கத்துடன் 'பு, இ, னு' என்று ஒலித்தால், அவற்றை இணைத்து 'பின்' என்ற சொல்லுக்கு வருவது குழந்தைக்குக் கடினம். புள்ளி வைத்த எழுத்தைப்போல, உயிர் கலவாமல் ப் என்று குறுகிய ஒலியாகச் சொல்ல வேண்டும். ஸ், ம், ன் போன்றவற்றை 'ஸ்ஸ்ஸ்' என நீட்டிச் சொல்ல முடியும் என்பதால் இணைத்தலை அவற்றில் தொடங்குவது எளிது.

தமிழ் எழுத்தில் தனித்தனி வடிவம் இல்லாத ஒலிவேறுபாடுகள் ஆங்கிலத்தில் பொருளை மாற்றும். பந்து என்ற சொல்லின் முதல் ஒலியும், பேச்சுவழக்கில் பயம் என்ற சொல்லின் முதல் ஒலியும் தமிழில் ஒரே எழுத்தால் குறிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்துகள். எனவே ஒலிகளைத் தெளிவாகக் கேட்கத்தக்க ஒலிப்பதிவு உள்ள திட்டம் தமிழ் வீடுகளுக்கு ஏற்றது.

சுருக்கமான வரலாறு

ஆங்கில வாசிப்பை ஒலிவழியாகக் கற்பிப்பதா, முழுச் சொல்லாகக் கற்பிப்பதா என்பது நீண்டகால விவாதமாகும். முழுச்சொல் முறையைக் கடுமையாக விமர்சித்து ருடால்ஃப் ஃப்ளெஷ் எழுதிய 'வை ஜானி கான்ட் ரீட்' என்ற நூல் 1955ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. ஜீன் சால் என்ற கல்வியாளர் இவ்விவாதத்தை ஆராய்ந்து 1967இல் நூல் எழுதினார். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, முறைப்படி வரிசையாகக் கற்பிக்கப்படும் ஃபோனிக்ஸ் கூடுதல் பலன் தருகிறது என்று கூறியது. இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் தலைமையிலான ஆய்வறிக்கை 2006இல் இம்முறையைப் பரிந்துரைத்தது. 2012 முதல் அந்நாட்டில் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு 40 சொற்கள் கொண்ட ஃபோனிக்ஸ் சோதனை நடத்தப்படுகிறது. அவற்றுள் 20 சொற்கள் பொருளற்றவை. மனப்பாடம் செய்த சொல்லைக் குழந்தை ஒப்பிக்கிறதா, எழுத்துகளை ஒலித்து வாசிக்கிறதா என்பதை அவை காட்டிவிடும்.

வகைகள்

தொகுப்பு முறையில் தனி ஒலிகள் முதலில் கற்பிக்கப்பட்டு, பின்னர் அவை சொற்களாக இணைக்கப்படுகின்றன. பகுப்பு முறையில் குழந்தை அறிந்த முழுச் சொற்கள் ஒப்பிடப்பட்டு, அவற்றுக்குப் பொதுவான ஒலி கண்டறியப்படுகிறது. எடுத்துக்காட்டாக, பின், பென், பேன் ஆகியவை ஒரே ஒலியில் தொடங்குவதைக் காட்டி அவ்வெழுத்து கற்பிக்கப்படுகிறது. பயிற்சி பெறாத பெற்றோருக்கும் படிகள் தெளிவாக இருப்பதால் வீட்டில் கற்பிக்கத் தொகுப்பு முறை எளிதானது.

ஜாலி ஃபோனிக்ஸ் என்ற திட்டம் இம்முறையைச் சார்ந்தது. சூ லாயிட், சாரா வெர்னம் ஆகியோர் உருவாக்கிய இத்திட்டத்தில் 42 ஒலிகள் 7 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் உடலசைவு இணைக்கப்பட்டுள்ளது. சீக்ஃப்ரீட் எங்கல்மன் முதலியோர் 1983இல் வெளியிட்ட, 100 பாடங்களில் வாசிக்கக் கற்பிக்கும் நூல் மற்றொரு வகை. பெற்றோர் என்ன சொல்ல வேண்டும் என்பது அதில் வரிக்கு வரி தரப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் போதும். ஓடியாடும் குழந்தைக்கு முதல் வகையும், அமைதியாக அமர்ந்து கேட்கும் குழந்தைக்கு இரண்டாம் வகையும் பொருந்தக்கூடும்.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

1. ஒலிகளின் வரிசை: அகரவரிசைப்படி கற்பிக்கும் திட்டத்தில் சொற்களை உருவாக்க நீண்ட நாள் ஆகும். ஜாலி ஃபோனிக்ஸின் முதல் தொகுதியிலுள்ள ஆறு எழுத்துகளைக் கொண்டே சிட், பின், டின், பேன், டேப், டிப் போன்ற சொற்களை வாசித்துவிடலாம். சில நாட்களிலேயே 'நான் வாசிக்கிறேன்' என்ற எண்ணம் குழந்தைக்கு வருவதே தொடர்ந்து கற்கத் தூண்டும்.

2. வாசிப்பு நூல்கள்: கற்ற ஒலிகளை மட்டுமே கொண்டு எழுதப்பட்ட சிறு கதைநூல்கள் திட்டத்துடன் இருக்க வேண்டும். படத்தைக் கையால் மறைத்தபின்பும் குழந்தையால் அவ்வரியை வாசிக்க முடிந்தால் அந்நூல் ஏற்றது.

3. எழுத்துச் சேர்க்கைகள்: எஸ், எச் சேர்ந்து ஷ் என ஒலிப்பது, 'பின்' என்ற சொல்லின் இறுதியில் 'ஈ' எழுத்து சேர்ந்தால் 'பைன்' ஆவது போன்றவற்றையும் திட்டம் கற்பிக்க வேண்டும். 26 எழுத்துகளின் ஒலிகளோடு நின்றுவிடும் திட்டம் பாதி வழியே வரும்.

4. விதிவிலக்கான சொற்கள்: ஒன்று என்னும் பொருள் தரும் 'ஒன்', சொன்னான் என்னும் பொருள் தரும் 'செட்' போன்றவை எழுத்தின்படி ஒலிப்பதில்லை. இவற்றைச் சிறிது சிறிதாக, தனியே கற்பிக்கும் ஏற்பாடு தேவை.

5. பெற்றோருக்கான வழிகாட்டல்: ஒவ்வொரு பாடத்திலும் என்ன செய்வது, குழந்தை தடுமாறினால் என்ன செய்வது என்பவை எளிய மொழியில் இருக்க வேண்டும்.

6. முன்னோட்டம்: முழுத் தொகுதியையும் வாங்குவதற்கு முன், மாதிரிப் பாடங்களை ஒரு வாரம் நடத்திப் பார்ப்பது நல்லது.

மகிழ்ச்சியான கற்றல்

விளையாட்டு ஃபோனிக்ஸின் பகுதியாக இருக்க வேண்டும். ஆனால் விளையாடும்போது குழந்தையின் கவனம் ஒலியின்மீது இருக்க வேண்டும். சில செயலிகளில் சரியான விடையைத் தற்செயலாகத் தொட்டாலும் பட்டாசு வெடிக்கும், நட்சத்திரம் கிடைக்கும். திரையில் கற்ற சொற்களைத் தாளில் எழுதி வாசிக்கச் சொன்னால் உண்மையான முன்னேற்றம் தெரியவரும்.

செலவில்லாத விளையாட்டுகள் பல உள்ளன. பாண்டி ஆட்டக் கட்டங்களில் எண்களுக்குப் பதில் எழுத்துகளை எழுதி, தாண்டும்போது ஒலியைச் சொல்லச் செய்யலாம். எழுத்து அட்டைகளை வீட்டில் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லலாம். உருசிய உளவியலாளர் எல்கோனினின் பெயரால் வழங்கும் ஒலிப்பெட்டி முறையும் எளியது. தாளில் மூன்று கட்டங்கள் வரைந்து, ஒரு சொல்லைச் சொல்லி, ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கட்டத்தில் நகர்த்தச் செய்ய வேண்டும். 'ஷிப்' என்ற சொல்லில் ஆங்கில எழுத்துகள் நான்கு இருந்தாலும் ஒலிகள் மூன்றே என்பதைக் குழந்தை தன் கையாலேயே உணரும்.

நாளொன்றுக்கு 10 முதல் 20 நிமிடம் போதுமானது. வாரத்தில் ஒருநாள் இரண்டு மணிநேரம் அமரவைப்பதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் பழகுவது பலன் தரும். குழந்தை சலிப்படையும் முன்பே பாடத்தை முடித்துவிட வேண்டும். பிழையாக வாசித்தால் திட்டாமல், அந்த ஒலியை ஒருமுறை சொல்லிக் காட்டி மீண்டும் இணைக்கச் சொல்வதே முறை. பக்கத்து வீட்டுக் குழந்தையுடன் ஒப்பிடுவது வாசிப்பின்மீதே வெறுப்பை உண்டாக்கும்.

விளம்பரங்கள் குறித்த எச்சரிக்கை

பெற்றோரின் ஆவலைப் பயன்படுத்தி மிகையான வாக்குறுதிகள் தரப்படுவதுண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், 'ஹூக்டு ஆன் ஃபோனிக்ஸ்' விளம்பரங்களில் கூறப்பட்டவற்றுக்குப் போதிய சான்று இல்லை என 1994இல் குற்றஞ்சாட்டியது. கைக்குழந்தைகளும் வாசிக்கும் என விளம்பரப்படுத்தப்பட்ட 'யுவர் பேபி கேன் ரீட்' திட்டத்தின்மீதும் அவ்வாணையம் 2012இல் நடவடிக்கை எடுத்தது. 'முப்பதே நாளில் சரளமான வாசிப்பு' போன்ற உறுதிமொழிகளை ஐயத்துடன் அணுக வேண்டும்.

இலவச வளங்களும் உண்டு. கான் அகாடமி கிட்ஸ் செயலி கட்டணமற்றது. அஸ்போர்ன் அறக்கட்டளை உருவாக்கிய 'டீச் யுவர் மான்ஸ்டர் டு ரீட்' விளையாட்டைக் கணினியில் இலவசமாக விளையாடலாம். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் படக்கதைகள் கிடைக்கின்றன. இவை ஃபோனிக்ஸ் நூல்கள் அல்ல. பெற்றோர் வாசித்துக் காட்ட ஏற்றவை.

வரம்புகள்

ஃபோனிக்ஸ் வாசிப்பின் ஒரு பகுதி மட்டுமே. காஃப், டன்மர் ஆகியோர் 1986இல் முன்வைத்த எளிய கருத்தாக்கத்தின்படி, வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கிவரும் விளைவு. இரண்டில் ஒன்று சுழியானால் விளைவும் சுழியே. வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தை 'பைன்' என்பதைச் சரியாக வாசித்தும் அது ஒரு மரம் என்று அறியாதிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு புதிய சொல்லுக்கும் பொருளைத் தமிழில் சொல்லி, படத்தையோ பொருளையோ காட்ட வேண்டும். தமிழில் கதை கேட்டு, தமிழிலும் வாசித்து வளரும் குழந்தைக்குச் சொல்வளமும் கதையைப் பின்தொடரும் ஆற்றலும் கூடுகின்றன; இவை ஆங்கில வாசிப்புக்கும் துணைநிற்கும்.

பல மாதங்கள் முறையாகக் கற்பித்தும் ஒலிகளை இணைக்க முடியாமல் குழந்தை தவித்தால், திட்டத்தை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. முதலில் செவித்திறனையும் பார்வையையும் பரிசோதிக்க வேண்டும். குறை எதுவும் இல்லையெனில் டிஸ்லெக்சியா எனும் வாசிப்பு இடர்ப்பாடு உள்ளதா எனச் சிறப்புக் கல்வியாளரிடம் கேட்டறியலாம். சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இத்துறையில் செயல்படும் அமைப்பாகும். டிஸ்லெக்சியா சோம்பலாலோ அறிவுக் குறைவாலோ வருவதன்று. இவ்வுண்மையை அறிந்த பெற்றோரிடம் வளரும் குழந்தை, மெதுவாகவேனும் வாசிக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி.