இடி விழுந்த மூன்றாம் நாள்

சித்திரை வெயிலில் வறுபட்டுக் கிடக்கும் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு கோடை மழை பெய்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? ஆனால் அந்த மழை தனியாக வருவதில்லை. இடியையும் கூடவே அழைத்துக்கொண்டு வருகிறது.

சென்ற வருஷம் என் அத்தை வீட்டுக்கு அது அப்படித்தான் வந்தது. ஊரை விட்டு ஒதுங்கி, தோட்டத்தின் நடுவே நிற்கும் ஓட்டு வீடு. கொல்லையில் நாலைந்து தென்னை மரங்கள். மாலை ஐந்து மணிக்கு வானம் கறுத்தது. அத்தை வழக்கம்போல், "அர்ஜுனா! அர்ஜுனா!" என்று சொல்லிக்கொண்டே துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அர்ஜுனனுக்கு அன்று வேறு அலுவல் இருந்ததோ என்னவோ, மூன்றாவது இடி கொல்லைத் தென்னையின் குருத்தில் இறங்கிவிட்டது.

வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல் கூட இல்லை. டி.வி. போயிற்று. இண்டர்நெட் பெட்டி போயிற்று. போர் மோட்டார் போயிற்று. மீட்டர் பலகையில் ஃபியூஸ் கட்டை கரிக்கட்டையாகி இருந்தது. "உசிரு தப்பிச்சதே, சாமான் போனால் போகட்டும்" என்று அத்தை கும்பிட்டாள்.

மறுநாள் உள்ளூர் ஒயர்மேன் வந்தார். புது ஃபியூஸ் கட்டை மாட்டினார். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது. "எல்லாம் சரியாப் போச்சும்மா" என்று சொல்லிக் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விளக்கு எரிந்தால் எல்லாம் சரிதான் என்று நானும் அதுவரை நம்பிக்கொண்டிருந்தவன்தான்.

மூன்றாம் நாள் காலை அத்தை இட்லிக்கு மாவு அரைக்க உட்கார்ந்தாள். கிரைண்டர் நன்றாகவே சுற்றியது. ஈரக் கையோடு அதன் விளிம்பைத் தொட்டாள். அவ்வளவுதான். தூக்கி எறியப்பட்டுச் சுவரோரமாய் விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எறியப்பட்டது நல்ல காலம் என்றார் டாக்டர். வீட்டு மின்சாரம் பெரும்பாலும் கைவிரல்களை மடக்கிப் பிடிக்க வைத்துவிடும். பிடித்த கை விடாது.

இடி போய் மூன்று நாள் ஆன பிறகு, மின்னல் எங்கே ஒளிந்துகொண்டிருந்தது?

பிறகு வந்து பார்த்த வேறொரு மின்சார நிபுணர் கண்டுபிடித்தது இதுதான். கிரைண்டர் மோட்டாருக்குள் கம்பிச் சுருளின் காப்புப் பூச்சில் மின்னல் ஊசி முனையளவு துளை போட்டிருந்தது. அதன் வழியாக மின்சாரம் கிரைண்டரின் இரும்பு உடம்புக்கு வந்துவிட்டது. வரட்டுமே! எர்த் கம்பி சரியாக இருந்தால் அது பூமிக்குப் போயிருக்கும், ஃபியூஸும் போயிருக்கும். ஆனால் எர்த் கம்பி, குழியில் உள்ள குழாயோடு சேரும் இடத்தில் ஏற்கெனவே துருவேறி நூலாக இருந்தது. மின்னல் அந்த நூலையும் எரித்து அறுத்துவிட்டது. எர்த் இல்லாத வீட்டிலும் விளக்கு எரியும், விசிறி சுற்றும். எர்த் போய்விட்டது என்று வீட்டில் எதுவுமே சொல்லாது. இந்த வஞ்சனையைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்னலின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். உங்கள் வீட்டு விளக்கு, விசிறி, மிக்ஸி எல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் ஐந்தோ பத்தோ ஆம்பியர். சாதாரண மின்னல் ஒன்றில் ஓடுவது சுமார் 30,000 ஆம்பியர்! சில சமயம் லட்சத்தையும் தாண்டும். அது ஓடும் வழியில் உள்ள காற்று, சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு சூடாகிறது. திடீரென்று விரியும் அந்தக் காற்றின் கூச்சல்தான் இடி. இத்தனையும் நடப்பது எவ்வளவு நேரத்தில்? ஒரு விநாடியைப் பத்தாயிரம் கூறு போட்டால், அதில் ஓரிரு கூறுக்குள் ஒரு வீச்சு முடிந்துவிடும். எம்.சி.பி. விழுவதற்குள் அதைப்போல் நூறு மடங்கு நேரம் ஆகிவிடும். ஃபியூஸ் கம்பி உருகினால்தான் என்ன? மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு வந்த ஆசாமிக்கு, ஃபியூஸ் கட்டையின் ஓர் அங்குல இடைவெளி ஒரு பிரமாதமா?

சரி, இடி விழுந்தது தென்னையில். வீட்டுக்குள் எப்படி வந்தது? மூன்று வழிகள் உண்டு. கம்பத்துக் கம்பி வழியாக வரலாம்; அதற்கு உங்கள் வீட்டருகே விழ வேண்டும் என்பது கூட இல்லை, வயல்வெளியில் ஓடும் லைனில் எங்கேயோ விழுந்தால் போதும். மொட்டை மாடி டிஷ் ஆண்டெனா, கேபிள் வழியாக வரலாம். மூன்றாவது வழிதான் பலருக்கும் தெரியாதது. மண் வழியாக, கீழேயிருந்து ஏறி வருவது.

பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதி ஞாபகம் இருக்கிறதா? எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 ஆம்பியர் அதில் இறங்கினால் அந்த இடத்தில் மூன்று லட்சம் வோல்ட் எழும்பும். பத்தடி தள்ளியுள்ள மண்ணில் அவ்வளவு இராது. இடி விழுந்த மரத்தடியில் மனிதன் தப்பித்து மாடு சாவதை ஊரில் பார்த்திருப்பீர்கள். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். இரண்டு இடத்து வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதன் உடம்பு வழியாகப் பாய்கிறது. உங்கள் டி.வி.யும் அந்த மாட்டைப் போலத்தான். ஒரு காலை மின்சார லைனில் வைத்திருக்கிறது. மறு காலை டிஷ் கேபிளில். போர் மோட்டார் கதை இன்னும் மோசம். முந்நூறு அடி ஆழத்தில் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும் அதைவிட நல்ல எர்த் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. வீட்டு ஒயரில் ஏறிய மின்னல் அதைத் தேடிக்கொண்டு ஓடுகிறது.

"இடிதாங்கி வைத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் காலத்திலிருந்து அது கட்டடங்களைக் காப்பாற்றி வருகிறது, சந்தேகமில்லை. ஆனால் அது கூரையையும் சுவரையும் காக்கும். கம்பி வழியாக உள்ளே நுழையும் மின்னலை அது என்ன செய்ய முடியும்? கோபுரக் கலசம் ஊரையே காப்பாற்றும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கலசத்திலிருந்து பூமி வரை கனத்த கம்பி இல்லாவிட்டால் அது இடியை வரவேற்கும், வழியனுப்பத் தெரியாது.

போகட்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இடி விழுந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?

முதலில் மனிதர்களைப் பாருங்கள். மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, தாராளமாகத் தொடலாம். மூச்சும் நாடியும் இல்லையென்றால் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லிவிட்டு மார்பை அழுத்தி முதலுதவி செய்யுங்கள், பிழைத்தவர்கள் உண்டு. வீட்டு ஒயரையோ சாமானையோ தொட்டபடி கிடப்பவர் விஷயம் வேறு. மெயினை நிறுத்தாமல் அவரை நெருங்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஓர் உயிருக்கு இரண்டு உயிர் போவதுண்டு.

பிறகு மூக்கை உபயோகியுங்கள். ஒயர் தீய்ந்த நாற்றம் இருக்கிறதா? பரணில், ஓட்டுக்கடியில், மரச் சட்டத்தில் ஓடும் ஒயரில் கனன்று, சில மணி நேரம் கழித்துத் தீப்பிடிப்பதுண்டு. கீற்றுக் கொட்டகை ஒட்டியிருந்தால் இரவு ஒரு முறை எழுந்து பார்த்துவிடுங்கள். மீட்டர் பலகை கருகியிருந்தாலோ ஈரமாயிருந்தாலோ மெயின் ஸ்விட்சைக் கூடத் தொட வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லிக் கம்பத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் முப்பது அடிக்கு அப்பாலேயே நில்லுங்கள். மும்முனை இணைப்புள்ள வீடாக இருந்து, மறுபடி மின்சாரம் வந்ததும் சில விளக்கு பளீரென்றும் சில மங்கலாகவும் எரிந்தால், நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே மெயினை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இடியில் பிழைத்த சாமான்களும் போய்விடும்.

அடுத்தபடி எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். ஒயர்மேன் வந்தால், "தம்பி, மெக்கர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். 500 வோல்ட் கொடுத்து ஒயரின் காப்பைச் சோதிக்கும் கருவி அது. டெஸ்டர் ஸ்குரூ டிரைவர் மின்சாரம் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஊசித் துளையைக் காட்டாது. சாமான்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு லைனாக மெக்கர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த ஒயரை மாற்றத்தான் வேண்டும். பிறகு கிரைண்டர், மிக்ஸி, பிரிட்ஜ், மோட்டார் ஆகியவற்றின் இரும்பு உடம்புக்கும் உள்ளே ஓடும் சுருளுக்கும் இடையே அதே சோதனை. டி.வி., கம்ப்யூட்டர் போன்ற நுட்பமான சாமான்களுக்கு மட்டும் மெக்கரைக் காட்டிவிடாதீர்கள். மின்னல் விட்டுவைத்ததை அது முடித்துவிடும்.

கடைசியில் அல்ல, இவற்றுக்கெல்லாம் முன்னாலேயே எர்த் குழியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அத்தை வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆயிற்று. அதன்மேல் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள்! நம் நாட்டுத் தர விதிப்படி குழாய் எர்த் என்றால் ஜி.ஐ. குழாய் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளம், 38 மில்லிமீட்டர் உள்விட்டம் இருக்க வேண்டும். சரளை மண்ணில் ஒரு குழி போதாமல் இரண்டு மூன்று போட்டு இணைக்க நேரும். குழிக்குள் கரியும் உப்பும் போடுவது ஈரத்தைப் பிடித்து வைக்க. அதே உப்புதான் குழாயையும் அரிக்கிறது. ஆகையால் வருஷத்துக்கு ஒரு முறை, கோடை மழைக்கு முன், போல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் காட்டினால் திருப்தி. டிஷ் ஆண்டெனாவின் எர்த், இடிதாங்கி இருந்தால் அதன் எர்த், வீட்டு எர்த் எல்லாவற்றையும் மண்ணுக்கடியில் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். அப்போதுதான் வோல்ட் ஏறினாலும் எல்லாம் சேர்ந்து ஏறும். மாட்டின் இரண்டு காலும் ஒரே மேட்டில் நிற்கும்.

எர்த் சரியான பின், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. அத்தை வீட்டில் அது இருந்திருந்தால் எர்த் போன நிலையிலும் கண் இமைப்பதற்குள் மின்சாரத்தை வெட்டியிருக்கும். மின்னலில் அதுவே கெட்டுப்போவதும் உண்டு. மாதம் ஒரு முறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். மூன்றாவதாக எஸ்.பி.டி. என்கிற சர்ஜ் காப்பான். சாதாரண வோல்ட்டில் கதவை மூடிக்கொண்டிருக்கும். வோல்ட் எகிறினால் கதவைத் திறந்து வெள்ளத்தை எர்த்துக்குத் தள்ளும். எர்த் சரியில்லாமல் இதை வாங்கி மாட்டுவது, வாய்க்கால் வெட்டாமல் மதகு கட்டுகிற கதைதான். அடி வாங்கி வாங்கி இதுவும் ஓய்ந்துபோகும். ஜன்னலில் பச்சை போய்ச் சிவப்பு வந்தால் மாற்றிவிட வேண்டும். வீட்டுக்குள் நேராக இடி இறங்கினால் எதுவும் முழுக் காப்பு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புது டி.வி.? அது கடைசி. அந்தப் பணத்தை முதலில் மண்ணுக்குள் போடுங்கள். வீட்டில் எதிர்ப்பு கிளம்பும், தெரியும். அதுவரை இந்தப் பத்திரிகையின் தொடர்கதைகள் இருக்கின்றன!

இன்ஷுரன்ஸ் இருந்தால், கெட்ட சாமான்களை எறிவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். பாலிசியையும் ஒரு முறை படித்துவிடுங்கள். இடியால் வீடு தீப்பிடித்தால் பணம் உண்டு. மின்சாரம் ஏறிச் சாமான் மட்டும் கெட்டால் இல்லை என்று பொடி எழுத்தில் சில பாலிசிகளில் எழுதியிருக்கும்.

செலவில்லாத காப்பு ஒன்றும் உண்டு. பிளக்கைப் பிடுங்கி வைப்பது. டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆனால் வானம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டும். மின்னலைப் பார்த்தது முதல் இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டுவிட்டால், வெளியே இருப்பவர் உள்ளே வந்துவிட வேண்டும்; உள்ளே இருப்பவர் பிளக்கையும் குழாயையும் தொடக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி வரை அப்படியே இருக்க வேண்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி வெளியிட்டிருக்கிறது. 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் இருந்தால் கைபேசி சொல்லிவிடும். 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. மூன்றாம் நாள் கிரைண்டரைத் தொட்டு இறப்பவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்.

அத்தையின் கை கூடிவிட்டது. இப்போது கொல்லையில் மூன்று எர்த் குழிகள். விறகு வேறிடத்துக்குப் போய்விட்டது. சாயங்காலம் மல்லிகைக்குத் தண்ணீர் விடும்போது குழி ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம் ஊற்றுகிறாள். போன மாதம் நான் போயிருந்தபோது இடி முழங்கியது. "அர்ஜுனா! அர்ஜுனா!" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினாள். கடைசியில் என் கையிலிருந்த கைபேசியின் சார்ஜரையும் கேட்காமலே பிடுங்கிவிட்டு, "என்னடா பாக்கிறே? உள்ள வந்து உக்காரு" என்றாள்.