கோரைப்பல் முளைக்கும் முன்

உதடு பிளந்து குழந்தை பிறந்தால் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் எழும் முதல் கேள்வி, "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா?" என்பதுதான். கிரகணத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள் சேர வேண்டிய உதடோ அண்ணமோ சேராமல் போவதே பிளவு. பெற்றவளைக் குற்றவாளியாக்கும் அந்தப் பேச்சை மாமியார்கள் விட்டாலே பாதிப் பாரம் குறையும்.

உதட்டைத் தைத்து அண்ணத்தை மூடியதும் பல குடும்பங்கள் ஆஸ்பத்திரியை மறந்துவிடுகின்றன. மறுபடி நினைவு வருவது கல்யாணப் பேச்சு எழும்போது. இடையில் தவறிப்போவது பல்.

பல் அரும்பு கட்டத் தொடங்குவதும் உதடு சேரும் அதே காலத்தில்தான். அதனால் பிளவை ஒட்டிய பக்கத்து வெட்டுப்பல் பலருக்கு முளைப்பதே இல்லை. சிலருக்கோ அதே இடத்தில் ஒரு பல் கூடுதலாக வரும். தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று அதை விட்டுவிடுவோரும் உண்டு, பக்கத்து கிளினிக்கில் உடனே பிடுங்கிவிடுவோரும் உண்டு. இரண்டுமே வேண்டாம். அந்தப் பல் சுற்றியுள்ள எலும்பைக் கரையவிடாமல் காக்கக்கூடும். எப்போது எடுப்பது என்பதை எக்ஸ்ரே பார்த்து, பிளவு சிகிச்சை செய்யும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஈறும் பிளந்திருந்தால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே ஒட்டுவார்கள். பொதுவாக 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்கும் முன் இது நடக்க வேண்டும். ஒட்டிய எலும்பின் வழியே அந்தப் பல் இறங்கும். வயது தாண்டினாலும் செய்யலாம். ஆனால் பலன் குறையும். பல் இல்லாத இடத்துக்குக் கோரைப்பல்லையே நகர்த்தலாம், பாலம் கட்டலாம். இம்ப்ளான்ட் தாடை வளர்ச்சி நின்ற பிறகுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதை விற்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதடு, அண்ணப் பிளவு இடம்பெற்றிருக்கிறது. 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை, அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒருமுறை மருத்துவக் குழு வரும். உதடு தைத்தாகிவிட்டதே என்று பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைக்காமல், பல்லைக் காட்டிப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். தனியார் பள்ளிப் பிள்ளை என்றால் நேரே பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போய்க் கேட்கலாம். தனியாரிடம் போவோர், முதல்வர் காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சையோடு பல்லுக்குக் கம்பி போடுவதும் அடங்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். இந்தச் சிகிச்சையோ பதினெட்டு, இருபது ஆண்டுகள் நீளும். எனவே ஒவ்வொரு முறையும் நகல் கேட்டு வாங்குங்கள். கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. காசு வாங்கிக்கொண்டு தவறாகச் சிகிச்சை செய்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டியது ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.